பூண்டியில் திறப்பது உபரி என்றால் ஆற்றின் பங்கு எது?

கழிமுகத்தான் · வெள்ளி இரவு 9.12

இன்று மதியமும் வாட்சாப்பில் அந்த அறிவிப்பு வந்தது. பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து உபரி நீர் திறக்கப்படுவதால் கொசஸ்தலை ஆற்றின் இரு கரையிலும் தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டுமாம். கீழே ஊர்ப் பட்டியல். நம்பாக்கம், கிருஷ்ணாபுரம், ஒதப்பை என்று ஆரம்பித்து தாமரைப்பாக்கம், திருக்கண்டலம், சீமாவரம், வெள்ளிவாயல், நாப்பாளையம், இடையான்சாவடி, மணலி புதுநகர், சடையான்குப்பம் வழியாக எண்ணூரில் முடியும். வருஷா வருஷம் கேட்டு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசிப் பெயர் எங்கள் ஊர்.

எனக்கு உறுத்துவது அந்த 'உபரி' என்ற சொல். பந்தியில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அண்டாவில் கிடப்பதுதான் உபரி. அப்படியென்றால் ஆற்றுக்கு இலையே போடவில்லையா?

வருஷத்தில் சில நாள் கரையை உடைத்துக்கொண்டு வரும். மற்ற நாளெல்லாம் பூண்டிக்குக் கீழே மணலும் வேலிக்காத்தானும். எண்ணூர்க் கழியில் அப்போது இருப்பது கடலிலிருந்து ஏறிவரும் உப்புத்தண்ணீர், பக்கிங்ஹாம் கால்வாயில் வரும் சாக்கடை, அனல்மின் நிலையங்கள் குளிர்வித்துவிட்டு அனுப்பும் சூடான தண்ணீர்.

என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் கழியில் கையால் தடவி இறால் பிடித்தவர். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு. இறங்கியதும் முதலில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைப்பார். ஆற்றுத்தண்ணீர் கலந்திருக்கிறதா, எவ்வளவு கலந்திருக்கிறது என்று அதிலேயே சொல்லிவிடுவார். கலங்கல் வந்த பத்து இருபது நாளில் இறால் சேரும் என்பது அவர் கணக்கு. இப்போதெல்லாம் யாரும் நாக்கில் வைப்பதில்லை. காலில் எரிகிறதா, அரிக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

அவர் கணக்கு சரிதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளை இறாலும் புலி இறாலும் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து, உப்புக் குறைந்த தண்ணீரில் மேய்ந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். மடவையும் கிட்டத்தட்ட அப்படித்தான். நல்ல தண்ணீர் வராத கழி அவற்றுக்குத் தொட்டில் இல்லாத வீடு.

கேள்வி இதுதான். பூண்டியிலிருந்து ஆற்றுக்கென்று ஓர் அளவை, இத்தனை நாளைக்கு இவ்வளவு என்று, விதியில் எழுதி வைக்க முடியாதா?

தேரடி · வெள்ளி இரவு 9.30

எங்கள் தெருக் குழாயில் என் பங்கே ஒழுங்காக வருவதில்லை தம்பி. ஆற்றை எனக்குப் பின்னால் வந்து வரிசையில் நிற்கச் சொல்லு.

பழைய மதகு · வெள்ளி இரவு 10.47

பாசனப் பக்கம் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி கேட்பது நல்ல கேள்வி. ஆனால் கேட்ட விதத்தில் கொஞ்சம் கற்பனை இருக்கிறது.

முதலில், கொசஸ்தலை காவிரி இல்லை. மழையை நம்பிய ஆறு. நகரி ஆறும் நந்தி ஆறும் சேர்ந்து வந்தாலும் அதன் முழு வாழ்க்கையும் அக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான். 1944-இல் பூண்டி கட்டி முடிப்பதற்கு முன்னாலும் மே மாதம் அது மணலாகத்தான் கிடந்தது. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓட வேண்டும் என்று கேட்டால் ஆற்றுக்கே இல்லாத குணத்தைக் கேட்பதாகும்.

இரண்டாவது, பூண்டி எதற்காகக் கட்டப்பட்டது? சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது சென்னையின் தாகத்துக்காக முன்னெடுத்த அணை. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அங்கிருந்து தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, சோழவரம், புழல் என்று தண்ணீர் நகரத்துக்குப் போகிறது. ஆந்திராவிலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா நீரும் தமிழக எல்லையில் இருக்கும் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட் தாண்டி இங்கேதான் வந்து விழுகிறது. 1983 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) வர வேண்டும். 1996-இல்தான் முதன்முதலாக வந்தது. முழு 12 வருவது கனவு.

மூன்றாவது கணக்கு. பூண்டிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, 323 மில்லியன் கன அடி, ஆற்றுக்கு என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 கன அடி வீதம் விட்டால் 37 நாள் ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது. அதே தண்ணீரை நாளுக்கு 100 கோடி லிட்டர் என்று நகரத்துக்குக் கொடுத்தால் ஒன்பது நாள். சென்னைக் குழாய்கள் வறண்ட 2019 ஜூனில் அந்த ஒன்பது நாளுக்கு என்ன விலை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

நான்காவது, விடும் 100 கன அடியும் எண்ணூர் வந்து சேராது. காய்ந்த மணல் வழியிலேயே குடித்துவிடும்.

வியாசர்பாடி வாசகன் · சனி காலை 6.55

பழைய மதகு சார் சொன்ன ஒன்பது நாளில் நான் தினமும் குடத்தோடு லாரிக்கு நின்றவன். ஆபீசுக்குப் போனதே பாதி நாள்தான். எனவே வெளிப்படையாகவே சொல்கிறேன். எண்ணூர்க் கழியில் சாம்பல், எண்ணெய், சாக்கடை எல்லாம் இருக்கின்றன. அதில் குடிநீரைக் கொண்டுபோய்க் கொட்டுவது எந்த ஊர் நியாயம்? முதலில் அழுக்கை நிறுத்துங்கள். பிறகு தண்ணீர் கேளுங்கள்.

நீரியல் மாணவி · சனி காலை 11.20

வாசகன் அண்ணா கேட்பதில் பாதி சரி. ஆற்றுக்கு விடும் தண்ணீர் அழுக்கைக் கழுவுவதற்கான தண்ணீர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2007-இல் பிரிஸ்பேனில் கூடிய நீரியலாளர்கள் சுற்றுச்சூழல் நீரோட்டத்தை வரையறுத்தபோது மூன்று விஷயங்களைச் சேர்த்தே சொன்னார்கள்: எவ்வளவு தண்ணீர், எப்போது, எந்தத் தரத்தில். மூன்றில் ஒன்றைக் காட்டி இன்னொன்றிலிருந்து தப்பிக்க முடியாது. சாம்பல் கொட்டியவர் "கொஞ்சம் தண்ணீர் விட்டால் போய்விடும்" என்று சொல்ல வழி வைக்கக் கூடாது. அழுக்கு தீரும்வரை தண்ணீர் பேச்சே கூடாது என்பதும் சரியில்லை.

இது ஏதோ வெளிநாட்டு யோசனை என்று நினைப்பவர்களுக்கு நம் கொள்கைகளின் கதை. 1987 தேசிய நீர்க் கொள்கையின் முன்னுரிமை வரிசையில் குடிநீர், பாசனம், நீர்மின்சாரம், படகுப் போக்குவரத்து, தொழில் எல்லாம் உண்டு. சூழல் கிடையாது. 2002 கொள்கையில் சூழலுக்கு நான்காவது இடம். கழிமுகத்தான் சொன்ன பந்திக் கணக்கில் நான்காவது இலை. 2012 கொள்கை, ஆற்று நீரில் ஒரு பகுதியைச் சூழலுக்காக ஒதுக்கி வைக்க வேண்டும் என்றே சொல்கிறது. கொள்கை என்பதால் யாரையும் கட்டுப்படுத்தாது, அவ்வளவுதான்.

கட்டுப்படுத்தும் உதாரணம் வேண்டுமா? காவிரி. 2007-இல் நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யைப் பிரித்தபோது 10 டி.எம்.சி.யைச் சுற்றுச்சூழலுக்கும் 4 டி.எம்.சி.யைக் கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவதற்கும் தனியாக எழுதியது. மாநிலங்களின் பங்கை நாம் தெருவில் இறங்கிச் சண்டை போட்டுப் பேசினோம். அந்த 10 டி.எம்.சி.யை யாரும் பேசவில்லை.

கங்கைக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை போட்டது. மேல் கங்கையில் அணைகளுக்குக் கீழே நவம்பர் முதல் மார்ச் வரை சராசரி நீரோட்டத்தில் 20 சதவிகிதம், அக்டோபரிலும் ஏப்ரல் மே மாதங்களிலும் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 விட்டே ஆக வேண்டும். அதற்கு முந்தின வருஷம் பசுமைத் தீர்ப்பாயம் ஆறுகளில் வறட்சிக் கால நீரோட்டத்தில் 15 முதல் 20 சதவிகிதமாவது இருக்க வேண்டும் என்றது.

இங்கேதான் மதகு ஐயா சொன்னது முக்கியம். கொசஸ்தலையின் வறட்சிக் கால நீரோட்டம் பூஜ்யம். பூஜ்யத்தில் 20 சதவிகிதமும் பூஜ்யம். பனிமலையில் பிறக்கும் ஆற்றுக்கு எழுதிய விதி நம் மழை ஆற்றுக்குப் பொருந்தாது. நாம் சதவிகிதம் கேட்கக் கூடாது. காலம் கேட்க வேண்டும்.

தேரடி · சனி காலை 11.41

காலம் கேட்பது எங்களுக்குப் பழக்கம். "எப்போ சார் வரும்?" என்றுதான் வாரியத்துக்குப் போன் போடுவோம்.

மீஞ்சூர் வயல் · சனி மதியம் 2.05

மணல் குடித்துவிடும் என்று மதகு சார் நஷ்டக் கணக்கில் எழுதியிருக்கிறார். சார், அந்த மணல்தான் எங்கள் கிணறு.

அறுபதுகளில் இருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கமெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டு நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் உறிஞ்சினார்கள். ஆற்றில் வரவு இல்லை, நிலத்தில் செலவு நிற்கவில்லை. காலியான இடத்தில் கடல் உள்ளே வந்தது. இன்றைக்கு நிலத்தடியில் கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே உப்பு ஏறிவிட்டது. என் அப்பா மோட்டார் போட்ட கிணற்றில் இப்போது தண்ணீர் இருக்கிறது, வயலுக்கு விட்டால் நெல் நுனி கருகும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். டீ போட்டால் பால் திரியும்.

இதில் வேடிக்கை, உப்பான எங்கள் பக்கத்துக் காட்டுப்பள்ளியில்தான் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளுக்கு 10 கோடி லிட்டர். நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு கடலை உள்ளே விட்டு, பிறகு கடலைக் காய்ச்சி நல்ல தண்ணீர் எடுக்கிறோம். (காய்ச்சுவது இல்லை, சவ்வில் வடிகட்டுவது என்று யாரும் திருத்த வேண்டாம், தெரியும்.)

மழை முடிந்த கையோடு ஆற்றில் நாற்பது நாள் மெதுவாக ஓடினால் பாதியை மணல் குடிக்கும். குடிக்கட்டும். வெள்ளமாக ஒரே நாளில் போனால் மணலுக்கு வாய் திறக்கவே நேரம் இல்லை.

புதுநகர் அக்கா · சனி இரவு 8.16

எல்லாரும் ஆற்றுக்குத் தண்ணீர் தண்ணீர் என்கிறீர்கள். நான் மணலி புதுநகர். எங்களுக்கு ஆறு என்றால் 2021 நவம்பர், 2023 டிசம்பர். இரண்டு தடவையும் வீட்டுக்குள் வந்தது. இரண்டாவது தடவை தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. சோப்பு, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. வெள்ளை அடித்தால் மூன்றாம் மாதம் மறுபடி தெரிகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து பையன் வரைந்து வந்த வீட்டுப் படத்தில்கூட அந்தக் கோட்டைப் போட்டிருந்தான்.

நான் படித்தவள் இல்லை, ஒரு சந்தேகம் கேட்கிறேன். ஏரி நிரம்பி வழியும்வரை பிடித்து வைத்துக்கொண்டு, புயல் வரும் ராத்திரி மொத்தமாகத் திறக்கிறார்களே. முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் என்ன? அப்போது அந்தத் தம்பியின் அம்மாவுக்கும் தண்ணீர் போகும், எங்கள் வீட்டுக்குள்ளும் வராது இல்லையா?

பழைய மதகு · சனி இரவு 11.38

இந்த இழையில் சரியான கேள்வியைக் கேட்டவர் புதுநகர் அம்மாதான். இரண்டு மணி நேரமாக எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நேற்று நான் பெருமையாகச் சொன்ன 323 மில்லியன் கன அடி இருக்கிறதே, வெள்ள ராத்திரியில் விநாடிக்கு 30,000 கன அடி திறக்கிறார்கள் என்று வையுங்கள், மூன்றே மணி நேரத்தில் போய்விடும். ஆற்றுக்கு 37 நாள் கொடுக்க யோசித்த அதே அளவு. ஒருவர் சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் காலி.

இதைப் படித்துவிட்டு "அப்போ அந்தத் தண்ணீரையே சேர்த்து வைத்துக் கொடுக்கலாமே" என்று யாராவது துள்ளக் கூடாது. நிரம்பிய ஏரியில் சேர்த்து வைக்க இடம் கிடையாது. இடம் வேண்டுமென்றால் முன்னாலேயே காலி செய்திருக்க வேண்டும். அதாவது நவம்பர் ஆரம்பத்தில் ஏரி முக்கால் நிரம்பியதும் மெதுவாகத் திறந்து, வெள்ளத்துக்கு இடம் வைத்திருக்க வேண்டும். அப்படித் திறக்கும் தண்ணீரும் தம்பி கழிக்குக் கேட்கும் தண்ணீரும் ஒன்றே. இது எங்கள் துறையில் தெரியாத சங்கதி இல்லை.

பிறகு ஏன் செய்வதில்லை? சொல்கிறேன். ஒரு ஏரி, பெயர் வேண்டாம். ஒரு வருஷம் ஐப்பசிக் கடைசி. வானிலை அறிவிப்பைப் பார்த்து, மேலிடத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, ஒரு ஷட்டரை அரை அடி தூக்கினேன். நான்கு நாள் ஓடியது. காற்றழுத்தம் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டது, இங்கே தூறல்கூட இல்லை. அந்த வருஷம் ஏரி நிரம்பவே இல்லை. பங்குனியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது: எந்த ஆணையின் பேரில் திறந்தீர்கள், விளக்கம் தருக. ஆணை ஏது? வாய்ச்சொல்தான். வாய்ச்சொல் சொன்னவருக்கு ஞாபகம் இல்லை. பதில் எழுதிப் பதில் எழுதி ஆறு மாதம் போனது.

அதற்குப் பிறகு நான் முன்னால் திறந்ததே இல்லை. நிரம்பி வழியும்போது திறந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கீழே வீடு முழுகினால் அது இயற்கை. முன்னாலேயே திறந்து மழை பொய்த்தால் அது என் தவறு. ஷட்டர் சக்கரத்தில் கை வைத்து நிற்பவன் இதைத்தான் யோசிப்பான். மீனைப் பற்றி யோசிக்க மாட்டான், மன்னிக்க வேண்டும், புதுநகரைப் பற்றியும் யோசிக்க மாட்டான்.

கழிமுகத்தான் · ஞாயிறு காலை 7.02

ஐயா, இதை நீங்கள் எழுதினதே பெரிய விஷயம். அப்படியென்றால் ஆற்றின் பங்கை எழுத்தில் கேட்பது மீனுக்காக மட்டும் இல்லை. எழுத்தில் இருந்தால் உங்களைப் போல ஒருவர் அந்தக் காகிதத்தைக் காட்டி ஷட்டரைத் தூக்கலாம். இன்ன தேதியில், ஏரி இன்ன அளவு இருந்தால், இவ்வளவு விட வேண்டும். விட்டதற்கு விளக்கம் வேண்டாம். விடாததற்குத்தான் விளக்கம் வேண்டும்.

மே மாதம் தண்ணீர் கேட்பதை நான் விட்டுவிடுகிறேன். அம்மாவும் அதையேதான் சொன்னார்: "கோடையில யாரு கேட்டா? கார்த்திகை, மார்கழி, தை. அதுபோதும்."

இன்னொரு சிக்கலையும் சேர்க்க வேண்டும். முகத்துவாரம். நம் கடற்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அதை மறித்ததால்தான் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் காசிமேடு பக்கம் கடல் அரித்தது. எங்கள் பக்கமும் 2001-இல் துறைமுகம் வந்தது. ஆற்றுக்கு வேகம் இல்லாத மாதங்களில் மணல் வாயை அடைக்கிறது. வாய் அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது, வெள்ளம் வந்தால் புதுநகரில் வடியாது. ஜேசிபி வைத்துத் தோண்டுகிறார்கள். சில வாரத்தில் மறுபடி மூடுகிறது. ஆறு ஒழுங்காக ஓடினால் வருஷத்தில் சில மாதமாவது அது தானே தோண்டிக்கொள்ளும். ஓடினால் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன், கரையில் கொட்டிய கல்லெல்லாம் அப்படியே இருக்கிறதே.

நீரியல் மாணவி · ஞாயிறு காலை 10.30

மதகு ஐயாவின் கடிதக் கதையை என் ஆய்வேட்டில் போட முடியாது, போட முடிந்தால் மற்ற அத்தியாயங்கள் தேவையில்லை.

மணல் குடிப்பது பற்றி ஒரு உதாரணம். அமெரிக்காவில் கொலராடோ ஆறு மெக்சிகோ எல்லை தாண்டிய பிறகு பல வருஷமாகக் கடலைத் தொடுவதே இல்லை. இரண்டு நாடும் 2012-இல் ஒப்பந்தம் போட்டு, 2014 மார்ச்சிலிருந்து மே வரை கிட்டத்தட்ட 13 கோடி கன மீட்டர் தண்ணீரை வெறும் ஆற்றுக்காகவே திறந்தார்கள். நம் கணக்கில் நாலரை டி.எம்.சி., பூண்டியைவிடப் பெரிசு. காய்ந்த படுகையில் குழந்தைகள் தண்ணீருக்கு முன்னால் ஓடினார்கள். மே நடுவில் கடலையும் தொட்டது. ஆனால் பெரும்பகுதியை மணல் குடித்துவிட்டது, ஐயா சொன்ன மாதிரியே. அதனால் கைவிடவில்லை. 2017-இல் அடுத்த ஒப்பந்தம் போட்டார்கள். 2021-இல் விட்டபோது காய்ந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு பாசனக் கால்வாய் வழியாகக் கீழே மரம் வளர்க்கும் இடங்களுக்கு நேராகக் கொண்டுபோனார்கள்.

நமக்கு அதில் இரண்டு பாடம். ஒன்று, முதல் வெள்ளம் போய் மணல் ஈரமாக இருக்கும்போதே தொடர வேண்டும், காய்ந்த பிறகு திறந்தால் வீண். இரண்டு, எல்லாவற்றையும் பூண்டியிலிருந்தே விட வேண்டியதில்லை. கீழே வல்லூர் அணைக்கட்டு இருக்கிறது. அங்கே நிற்கும் தண்ணீர் கழிக்குப் பக்கம்.

ஆஸ்திரேலியாவில் மரே டார்லிங் படுகையில் சூழலுக்கான தண்ணீரை வைத்திருக்க ஒரு அலுவலரையே சட்டத்தில் உருவாக்கியிருக்கிறார்கள், 2007 சட்டம். விவசாயி கையில் இருப்பது போன்ற நீர் உரிமையே அவர் கையிலும் இருக்கும். வறட்சி வந்தால் விவசாயிக்குக் குறைவது போல அவருக்கும் குறையும். வியாசர்பாடி அண்ணாவின் ஒன்பது நாளை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. கெட்ட வருஷத்தில் ஆறும் குறைவாகச் சாப்பிடும்.

வியாசர்பாடி வாசகன் · ஞாயிறு மதியம் 1.15

கெட்ட வருஷம் என்று யார் முடிவு செய்வது? அதை முதலில் எழுதுங்கள். 2018-இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது டிசம்பர் வரை யாருக்கும் உறைக்கவில்லை. நான் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் கொடுங்கையூரில் 2019-இல் இருந்து கழிவுநீரைச் சுத்திகரித்து நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலி, எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்பும் ஆலை இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வாழ்பவர்கள் நாங்கள். அதனால் மிச்சமான நல்ல தண்ணீர் எந்தக் கணக்கில் சேர்ந்தது? அதை ஆற்றுக்கு எழுதினால் என் குடத்தில் கை வைத்த மாதிரி ஆகாது. அதற்கு என்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

மீஞ்சூர் வயல் · ஞாயிறு மதியம் 1.40

சபாஷ்.

பழைய மதகு · ஞாயிறு மாலை 5.50

வாசகன் சொன்னது கூர்மையான கேள்வி. ஒரு நாளுக்கு 4.5 கோடி லிட்டர் என்றால் விநாடிக்கு 18 கன அடிக்குக் கொஞ்சம் கூட. பூண்டியிலிருந்து விட்டால் வழியில் காணாமல் போகும். வல்லூரிலிருந்து விட்டால் கணக்கில் வரும்.

மனுவுக்கு ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்.

"பூண்டி, வல்லூர் ஆகியவற்றின் நீர் இயக்க விதிகளில் 'உபரி நீர்' என்பதிலிருந்து தனியாக 'ஆற்றுக்கான நீர்' என்று ஒரு தலைப்பு சேர்க்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் மொத்த இருப்பைப் பொறுத்து, மூன்று படிகளில் அளவு நிர்ணயிக்க வேண்டும். இருப்பு குறைவான வருஷத்தில் கடைசிப் படி பொருந்தும். வெள்ளத்துக்கு இடம் வைப்பதற்காக முன்கூட்டித் திறக்கும் நீரும் இதே தலைப்பில் கணக்கு வைக்கப்பட வேண்டும். விதிப்படி திறந்த அலுவலரிடம் மழை பொய்த்ததற்காக விளக்கம் கேட்கக் கூடாது. திறந்த அளவைத் தினமும் வெளியிட வேண்டும்."

கடைசிக்கு முந்தின வரி என் சொந்த ஆசை. வெட்டினாலும் வருத்தப்பட மாட்டேன்.

புதுநகர் அக்கா · ஞாயிறு மாலை 6.22

அந்த வரியை வெட்டாதீர்கள். ஒரு வரி மட்டும் சேருங்கள்: திறக்கும் முன் எங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மைக்கில் சொல்லக் கூடாது, பகலில் சொல்ல வேண்டும்.

நெறியாளர் · ஞாயிறு மாலை 6.40

வரைவை இழையின் மேலே பொருத்தியிருக்கிறேன். தொழிற்சாலைகளின் பெயர் போட்டுத் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மனுவில் போடுங்கள், இங்கே வேண்டாம்.

கழிமுகத்தான் · ஞாயிறு இரவு 9.05

எல்லாருக்கும் நன்றி. மூன்று படி என்றால் ஒவ்வொரு படிக்கும் எண் வேண்டும். அந்த எண்ணை ஆபீஸில் உட்கார்ந்து யாராவது போட்டால் மறுபடி பூஜ்யத்தில் 20 சதவிகிதக் கதை ஆகிவிடும். கழியில் உப்பு எவ்வளவு, ஆற்றில் எவ்வளவு ஓடும்போது அது எவ்வளவு இறங்குகிறது என்று நாமே அளந்து வைத்தால் பேச வாய் இருக்கும். இறால் பண்ணையில் வேலை பார்த்த என் மச்சானிடம் உப்பு பார்க்கும் கைக்கருவி ஒன்று இருக்கிறது. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் போதும். கடல்நீருக்கு 35 காட்டினால் கருவி சரி. திறந்திருக்கும் இந்தத் தண்ணீர் வடிவதற்குள் ஆரம்பித்தால் நல்லது.

நீரியல் மாணவி · ஞாயிறு இரவு 9.20

ஐந்து இடத்தில், ஓதம் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. மேலே ஒன்று, அடியில் ஒன்று. உப்புத்தண்ணீர் கனம், அடியில்தான் படுத்திருக்கும். மேலே மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். நான் வருகிறேன்.

பழைய மதகு · ஞாயிறு இரவு 9.48

வல்லூரில் நீர்மட்ட அளவுகோலைப் படிக்க நான் சொல்லித் தருகிறேன். முட்டி வலி, படகில் ஏற மாட்டேன். கரையில் நாற்காலி போடுங்கள்.

தேரடி · ஞாயிறு இரவு 9.51

நானும் வருகிறேன். அளக்கத் தெரியாது, எழுதி வைத்துக்கொள்வேன். டீச்செலவு யாருடையது?

கழிமுகத்தான் · ஞாயிறு இரவு 10.10

டீ என்னுடையது. புதன்கிழமை காலை ஆறு மணி, ரயில்வே பாலத்துக்குக் கிழக்கே படகு நிற்கும். ஓதம் எட்டரைக்குத் திரும்பும் என்று அம்மா சொல்கிறார், அதற்குள் முதல் சுற்று முடிக்க வேண்டும். செருப்புப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள், சேறு பிடித்துக்கொண்டு தராது. பழைய ஷூ இருந்தால் கயிறு இறுக்கிக் கட்டி வாருங்கள். வெறுங்காலும் வேண்டாம், ஆளி ஓடு கிழிக்கும்.